துரோகக் குடாவிலிருந்து வந்த மரவள்ளிக் கறி

எங்கள் குடும்பத்தில் எவரும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டதில்லை. ஆனால் எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மல்கிரேவில் இருந்த எங்கள் வீட்டில் அத்தனை பேரும் அதுதான் நடந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு கதிரைகளில் உட்கார்ந்திருந்தோம். நஞ்சு வைத்தவர் என்று நாங்கள் நினைத்தவரும் எங்களோடேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தோம். என்ன இருந்தாலும் வீட்டுக்கு வந்தவர் அல்லவா.

எல்லாம் சித்தப்பாவால் வந்தது. சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு கிளேட்டனில் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் "தண்ணி" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. சனிக்கிழமைகளில் என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதும், அங்கே நான் பட்ட துன்பத்துக்கு ஈடாகத் திரும்பும் வழியில் சிப்ஸ் வாங்கித் தருவதும் அவருடைய பொறுப்பு. அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான். அம்மா அப்பாவிடம் இதை நான் மறைத்ததும் இல்லை.

அம்மா அவருக்கு மத்தியானச் சாப்பாடாக அவித்த மரவள்ளியும் கட்டைச் சம்பலும் கட்டிக் கொடுத்து அனுப்பிய ஒரு நாளில், பல்கலைக்கழகத்துச் சாப்பாட்டறையில் மைக்ரோவேவுக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற பெண் இவருடைய பெட்டியை எட்டிப் பார்த்து அந்தக் கிழங்கைத் தன் மொழியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். அவருடைய பெட்டியிலும் அதே கிழங்கு. பிரேசிலில் இருந்து, உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் மரங்களைப் பற்றிப் படிக்க வந்தவர். அதன் பிறகு அம்மா இரண்டு பேருக்குக் கிழங்கு கட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நான் அவரைப் பிரேசில் அன்ரி என்று கூப்பிடத் தொடங்கினேன். கெட்டிக்கார அன்ரி. என்னோடு பேசும்போது குனிந்து பேசாமல் ஆளோடு ஆள் பேசுவது போலப் பேசுவார்.

கலியாணம் என்று பேச்சு வந்தவுடன் எல்லாரும் சிட்னியைப் பார்த்தார்கள். சிட்னியில் மாமி இருந்தார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்த அக்கா. தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு இரண்டு தம்பிமாரையும் வளர்த்தவர், முதலில் இந்த நாட்டுக்கு வந்தவர், இருவரையும் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவர். அவர் ஓம் என்றால் ஓம். இல்லையென்றால் அதை எதிர்த்துப் பேசுகிற ஆண்பிள்ளை எங்கள் குடும்பத்தில் பிறக்கவில்லை. சித்தப்பாவும் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார், அக்காவைத் தாண்டி ஒன்றும் செய்ய மாட்டேன் என்று. மாமி மறுத்தால் படிப்பு முடிந்ததும் பிரேசில் அன்ரி ஊருக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு தம்பி என்ன ஆவான் என்று அம்மா குசினியில் அப்பாவிடம் கேட்டதை நான் கேட்டேன். அப்பா மிக்ஸியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சித்தப்பா போனில் மாமியிடம் விஷயத்தைச் சொன்னபோது நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். தொடக்கம் நன்றாகத்தான் போனது. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர், அவரும் கத்தோலிக்கர். படித்தவர். எங்கள் நிறம்தான். மாமி ஒவ்வொன்றையும் கேட்டு ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார். அப்புறம் எந்தத் தமிழரும் கேட்காமல் விடாத கேள்வியைக் கேட்டார். எந்த ஊர்?

பிரேசில் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். சித்தப்பாவுக்குப் பொய்யும் வராது, சுருக்கமும் வராது. ஊரின் பெயர் பாயீயா தா ட்ராயிசாவ் என்றார். வடகிழக்குக் கரையில் ஒரு சிறிய பிரதேச சபை என்றார். அதோடாவது நின்றிருக்கலாம். போர்த்துக்கேய மொழியில் அதற்குத் துரோகக் குடா என்று அர்த்தம் என்றும் சொன்னார்.

லைன் அறுந்துவிட்டது என்று அப்பா போனை வாங்கிப் பார்த்தார். அப்போது மாமியின் குரல் வந்தது. "தம்பி, அந்தப் பேர் உள்ள ஊரிலயிருந்து எங்கட வீட்டுக்குப் பொம்பிளை வேண்டாம்." போனை வைத்துவிட்டார்.

"றியோ எண்டு சொல்லித் துலைச்சிருக்கக் கூடாதோ?" என்றார் அப்பா. "அவள் றியோவில பிறக்கேல்லையே" என்றார் சித்தப்பா. ஒரு ஊருக்குப் பெயர் வைத்தவன் செய்த வேலைக்கு அந்த ஊரில் பிறந்தவள் என்ன செய்வாள் என்று அம்மா தன் மச்சாளான மாமிக்கே போன் எடுத்துக் கேட்டார். மாமிக்குச் சகுனம் பார்க்கிற புத்தி, வயது போகப் போகக் கூடுகிறது என்று அப்பா முடிவு கட்டினார். சித்தப்பா சாப்பாட்டைக் குறைத்தார். சனிக்கிழமைகளில் சிப்ஸ் கடையைக் கடந்து போகும்போது அவருக்கு அது கண்ணிலேயே படவில்லை. நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

பல வாரங்கள் கழித்து மாமி தானாகவே போன் எடுத்தார். "சும்மா பாக்க வாறன். ஓம் எண்டு நினைச்சிடாதையுங்கோ" என்றார்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து வந்து மாமி ஹோலில் பெரிய கதிரையில் உட்கார்ந்தார். அம்மா விடியற்காலையிலிருந்து சமைத்திருந்தார். ஆனால் பிரேசில் அன்ரி, எங்கள் ஊரில் முதல் தடவை ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போக மாட்டோம் என்று சொல்லி, துவாயில் சுற்றிய ஒரு பெரிய பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். குள்ளமான உருவம், கறுத்த நேரான தலைமயிர், வெயிலில் வளர்ந்த நிறம். மாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அம்மாவிடம் மெல்ல, "எங்கட பேசாலையில மீன் வாங்க நிண்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம்" என்றார். இது புகழ்ச்சியா என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

பானையைக் குசினியில் வைக்கச் சொன்னதும் அன்ரி யாரும் காட்டாமலே குசினிக்குப் போனார். கதிரையில் இருக்கச் சொன்னதும் இருந்தார். குசினிக்கும் கதிரைக்கும் அவருடைய மொழியிலும் கிட்டத்தட்ட இதே சொற்கள் என்று சித்தப்பா ஆர்வமாக விளக்கினார். "எங்களுக்கும் போர்த்துக்கேயன் வந்தவன்தானே. சொல்லை விட்டிட்டுப் போட்டான்" என்று மாமி அந்த ஆர்வத்தை அங்கேயே அணைத்தார்.

சாப்பிட உட்கார்ந்தோம். பானைக்குள் மஞ்சளாக, கட்டியாக, தேங்காய்ப்பால் வாசத்தோடு இறால் கறி. மாமி மரியாதைக்கு ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். பிறகு மரியாதைக்கு வேண்டாத இன்னொரு கரண்டியும் போட்டுக்கொண்டார். சித்தப்பாவின் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு உயிர் வந்தது. நான் கணக்கில்லாமல் போட்டுக்கொண்டேன். மாமி வாயைத் துடைத்துக்கொண்டு, எப்படிச் செய்தது என்று கேளுங்கள் என்றார். மாமி ஒரு சமையலின் செய்முறையைக் கேட்பது பாப்பரசர் நலம் விசாரிப்பது மாதிரி. அன்ரி மகிழ்ந்துபோய் ஒவ்வொன்றாகச் சொன்னார். இறால். தேங்காய்ப்பால். வெங்காயம். குழம்பைக் கட்டியாக்க, அவித்து மசித்த மரவள்ளி. பிறகு, நல்ல மணத்துக்கு, இஞ்சி.

அம்மாவின் கரண்டி சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்தது.

இலங்கையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரவள்ளியும் இஞ்சியும் ஒரே வயிற்றுக்குள் போனால் நஞ்சாகும், ஆள் தப்பாது என்பது எங்கள் சனம் பாலோடு குடித்து வளர்ந்த சங்கதி. மரவள்ளி அவித்த நாளில் இஞ்சித் தேத்தண்ணீர்கூடப் போட மாட்டார்கள். யார் அப்படிச் செத்தது என்று கேட்டால் ஒருவருக்கும் பெயர் தெரியாது, ஆனால் எல்லாருக்கும் அந்த ஆளின் அயல்வீட்டுக்காரரைத் தெரிந்த ஒருவரைத் தெரியும். இப்போது எங்கள் மேசையில் துரோகக் குடாவிலிருந்து வந்த ஒருத்தி, மரவள்ளியையும் இஞ்சியையும் ஒரே பானையில் போட்டு, எங்கள் அத்தனை பேருக்கும் பரிமாறியிருந்தாள்.

"அந்தோனியாரே" என்றார் மாமி.

அப்பா மருந்துக்கடையில் மருந்தாளராக இருந்தவர். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பல விருந்துகளில் பேசியவர். அவர் மேசைக்கு அடியில் இடது கையால் வலது கையின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பிறகு எழுந்து அறைக்குள் போய்த் தன்னோடு படித்த ஒரு டொக்டருக்குப் போன் எடுத்தார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது, கதவும் திறந்திருந்தது, எல்லாருக்கும் கேட்டது. மருத்துவத்தில் அப்படி ஒன்றுமில்லை, கிழங்கு நன்றாக வெந்திருந்தால் பயமில்லை என்றார் டொக்டர். அப்பா பெருமூச்சு விட்டு, "அப்ப நீங்களெண்டாச் சாப்பிடுவீங்களோ?" என்று கேட்டார். "நான் சாப்பிட மாட்டன்" என்றார் டொக்டர். எதற்கும் இரண்டு மணித்தியாலம் பார்க்கச் சொல்லிவிட்டு வைத்தார்.

மாமி கட்டளைகள் போட்டார். ஒருவரும் படுக்கக் கூடாது. ஒருவரும் தனியே போகக் கூடாது. எல்லாரும் ஹோலில் ஒன்றாக இருக்க வேண்டும். என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். அதில் என்ன தெரியும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. எனக்கு வயிறு சற்றுக் கனமாக இருந்தது. அதற்குக் காரணம் நஞ்சா, கணக்கில்லாமல் போட்டுக்கொண்டதா என்று பிரித்தறிய முடியவில்லை. செத்துப்போனால் அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் அழுகை வந்தது.

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு அன்ரியின் காதில் விஷயத்தைச் சொன்னார். அன்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் முகங்களைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். தன்னுடைய கோப்பையில் மிச்சமிருந்ததை எல்லாரும் பார்க்கச் சாப்பிட்டு முடித்தார். பிறகு மாமிக்கு நேரே இருந்த கதிரையில் வந்து உட்கார்ந்து, மரவள்ளியில் நஞ்சு இருப்பது உண்மைதான் என்றார்.

சித்தப்பா இதைத் தமிழில் சொல்லத் தயங்கினார். மாமிக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கியது.

தங்கள் ஊரில் ஒரு கசப்பு மரவள்ளி உண்டு என்று அன்ரி சொன்னார். அதைத் துருவி, பிழிந்து, பெரிய அடுப்பில் வறுத்து மாவாக்குவார்கள். கிராமத்துக்கு ஒரு மாவு வீடு. ஒவ்வொரு குடும்பமும் முறை வைத்து வரும். மற்றவர்கள் கூட நின்று துருவிக் கொடுப்பார்கள். பிழிந்த தண்ணீரைக் குடித்தால் மாடு செத்துப்போகும். அந்தக் கிழங்கை முதன்முதலில் சாப்பிடக் கற்றுக்கொண்டவர்கள் தங்கள் சனம்தான், கப்பல்காரர்கள் வந்து வாங்கி உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள், சமைக்கிற விதத்தை மட்டும் சரியாகக் கேட்டுக்கொண்டு போகவில்லை என்றார். இஞ்சி பாவம், அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றும் சொன்னார்.

மாமி சமாதானமாகவில்லை. ஆனால் இரண்டு மணித்தியாலத்தை எப்படியாவது போக்க வேண்டும். செபமாலையை மடியில் வைத்துக்கொண்டு, "உங்கட சனம் எண்டா ஆர்?" என்று கேட்டார். சித்தப்பா மொழிபெயர்த்தார்.

தாங்கள் பொத்திகுவாரா என்று அன்ரி சொன்னார். இறால் சாப்பிடுகிறவர்கள் என்று அதற்கு அர்த்தமாம். மாமியின் புருவம் கொஞ்சம் இறங்கியது. இறால் சாப்பிடுகிற சனத்தில் மன்னார்க்காரர் பெரிதாகக் குறை காண முடியாது. அவர்களுடைய பிரதேச சபைக்குள் இருக்கிற நிலம் ஏறக்குறைய முழுவதும் அந்தச் சனத்தின் நிலம். நடுவில் சின்னப் பட்டினம், சுற்றிவரக் கிராமங்கள். சிவந்த மண்மேடுகள் கடலுக்குள் இறங்கும். மேட்டில் பழைய பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி துருப்பிடித்துக் கிடக்கும். மிக்கேல் சம்மனசு என்கிற தேவதூதரின் கோயில் ஒன்று இடிந்து நிற்கும், அதற்குள் இப்போது கூரை இல்லை, வானம்தான். கழிமுகத்தில் ஆவுளியா என்கிற கடற்பசு மாதிரி ஒரு பெரிய பிராணி வந்து புல் மேயும். கஜு, அதாவது முந்திரி, மரங்கள் எங்கும். அந்த ஊருக்கு வெள்ளைக்காரன் வருவதற்கு முன் இருந்த பெயரே கஜுவை வைத்துத்தான்.

"அப்ப ஏன் அந்தப் பேரை விட்டிட்டு இந்தப் பேர்?" என்றார் மாமி. அவர் சிட்னியிலிருந்து வந்ததே இதைக் கேட்கத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் வந்த கப்பல்களிலிருந்து இறங்கிய மாலுமிகளைத் தங்கள் சனம் கூப்பிட்டுக் கொன்றுவிட்டதாகப் போர்த்துக்கேயர் சொன்னார்கள், அதனால் வைத்த பெயர் என்றார் அன்ரி. தங்கள் சனம் சொல்கிற கதை வேறு. பெயர் வைத்தவனின் கதை வரைபடத்தில் ஏறியது. தங்கள் கதை வாயில் நின்றது. பிறகு வெளியாட்கள் வந்து கரும்பு போட்டார்கள். நாங்கள் இந்தச் சனம் என்று சொல்வதே ஆபத்தாக இருந்த காலமும் வந்தது. பலர் மறைத்தார்கள். மொழி போய்விட்டது. இப்போது தன்னுடைய தங்கையின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைத் திரும்பப் படிக்கிறார்கள், வருடத்தில் ஒரு நாள் ஊரே வட்டமாக நின்று ஆடும்போது அதில் பாடுகிறார்கள் என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழை முற்றாகத் தொலைத்துவிட்டால் சனிக்கிழமைகள் என் கைக்கு வந்துவிடும் என்று நான் ரகசியமாக நம்பிக்கொண்டிருந்தேன். தொலைத்தாலும் தேடிப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிடுவார்கள் என்பது பெரிய அநியாயமாகப் பட்டது.

"போர்த்துக்கேயனுக்குப் பிறகு ஆர் வந்தது? ஒல்லாந்தனோ?" என்றார் மாமி. எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையைத் தட்டி எழுப்பினாலும் அந்த வரிசையைச் சொல்லும்.

ஓம், ஒல்லாந்தர்தான் என்றார் அன்ரி. அவர்களின் கப்பல்கள் ஒருநாள் குடாவுக்குள் வந்து நங்கூரம் போட்டன. கப்பல் நிறைய நோயாளிகள். கரையில் இறக்கிப் படுக்க வைத்தார்கள். அன்ரியின் சனம் தண்ணீர் கொடுத்தது, மரவள்ளி மாவு கொடுத்தது. போர்த்துக்கேயர் படையோடு வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஒல்லாந்தர் கப்பலில் ஏறினார்கள். எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சனம் கரையில் நின்று கேட்டது. ஒரு சிலரை ஏற்றிக்கொண்டார்கள். கப்பல் போய்விட்டது. பிறகு போர்த்துக்கேயர் வந்து, கரையில் நின்றவர்களைத் துரோகிகள் என்று கொன்றார்கள்.

நீந்திப் போயிருக்கலாமே என்று நான் கேட்டேன். அப்பா என் தொடையில் தட்டினார்.

மாமி செபமாலையைக் கீழே வைத்திருந்தார். "தண்ணி குடுத்த ஆக்களையோ?" என்றார்.

ஓம்.

"நோயாளிக்குச் சாப்பாடு குடுத்ததுக்கோ?"

ஓம்.

சித்தப்பாவின் குரல் மொழிபெயர்க்கும்போது மிகவும் தாழ்ந்துவிட்டது. மாமி முன்னால் சாய்ந்து கேட்டார். "பிறகு மிச்சச் சனம் எங்க போச்சு?"

எங்கும் போகவில்லை, அங்கேதான் இருக்கிறோம் என்றார் அன்ரி.

"அந்தப் பேரோடயோ?"

அந்தப் பெயரோடுதான். பழைய பெயருக்கு மாற வேண்டும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தனக்கு அதில் பாதி மனம்தான் என்றார். எந்த ஊர் என்று கேட்கிறவர்களுக்குப் பெயரைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஏன் இப்படிப் பெயர் என்று கேட்கிறார்கள். அப்போது உட்கார வைத்து நடந்ததைச் சொல்ல முடிகிறது. நல்ல பெயராக இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்.

மாமி எழுந்தார். சத்தி வருகிறது என்று நினைத்து அம்மா பேசின் எடுக்க ஓடினார். மாமி குசினிப் பக்கம் போகவில்லை. மேசைக்குப் போனார். பானையின் மூடியைத் திறந்து, கோப்பையில் கறியைப் போட்டார். ஒரு கரண்டி இல்லை, நிறையவே போட்டார். அதைக் கொண்டுவந்து அன்ரிக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்.

"மச்சாள்!" என்றார் அம்மா பேசினும் கையுமாக.

"அக்கா, டொக்டர் ரெண்டு மணித்தியாலம் பாக்கச் சொன்னவர்" என்றார் அப்பா.

"டொக்டரைத் தன்ர வேலையைப் பாக்கச் சொல்லு."

சாப்பிடச் சாப்பிட மாமியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மூக்கை உறிஞ்சினார். நான் மாமி அழுது பார்த்ததில்லை. மாமியால் அழ முடியும் என்பதே எனக்குத் தெரியாது. ஆகவே அது அழுகையாக இருக்க வாய்ப்பில்லை என்று எடுத்துக்கொண்டேன். மாமியே விளக்கமும் சொன்னார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அன்ரியின் கையைப் பிடித்து, "இஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சு, பிள்ளை. அடுத்த முறை வரேக்க குறைச்சுப் போடு" என்றார்.

அம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. பேசினைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா தன்னுடைய நாடியை விட்டார். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று அன்ரி சித்தப்பாவின் கையை உலுக்கினார். அத்தனை நேரம் சரளமாக மொழிபெயர்த்த மனிதர் மூன்று சொல்லுக்குத் திணறினார். கடைசியில் நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன், அடுத்த முறை இஞ்சியைக் குறைக்கட்டாம் என்று. அன்ரி அடுத்த முறையா என்று என்னிடம் திரும்பக் கேட்டார். ஓம், அடுத்த முறை என்றேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் காற்று வந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்பா பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மருத்துவத்தில் இதற்கு ஓர் ஆதாரமும் இல்லை என்று விளக்கியபடி மிச்சத்தை அள்ளிப் போட்டார். அம்மா இஞ்சித் தேத்தண்ணீர் போடட்டுமா என்று கேட்டு, தானே சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. நான் சாகவில்லை, சித்தப்பா எங்கும் போகவில்லை, அன்ரி எங்களுக்குச் சித்தி ஆகப் போகிறார். சனிக்கிழமைச் சிப்ஸும் திரும்ப வரும். ஒரு பத்து வயதுக்காரிக்கு ஒரே மத்தியானத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

மாமியைப் பற்றி அப்பா எனக்குச் சொன்னது நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு. மாமியை விமான நிலையத்தில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். மாமியின் புருஷனான மாமா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்றுதான் எனக்கு அதுவரை சொல்லியிருந்தார்கள். மாமா கடலுக்குப் போகவில்லை. சண்டைக் காலத்தில் காயப்பட்ட பெடியள் இரண்டு பேர் ஒரு விடியற்காலை வீட்டுப் படலையில் வந்து தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கம் என்று மாமா கேட்கவில்லை. மாமி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அவர்கள் போய்விட்டார்கள். மற்றப் பக்கத்தார் வந்தார்கள். மாமாவைச் சந்தி விளக்குக் கம்பத்தில் கட்டி, கழுத்தில் ஒரு மட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மட்டையில் ஒரே ஒரு சொல், துரோகி என்று. அடக்கத்துக்கு ஊரில் அநேகம் பேர் வரவில்லை. அதற்குப் பிறகு மாமி கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அந்தச் சொல் அவருக்கு முன்னால் போய் நின்றது. இரண்டு தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு அவர் அந்த ஊரை விட்டு வெளிக்கிட்டது அதனால்தான். கஞ்சி காய்ச்சியது தான் என்பதை மாமி ஒருவரிடமும் சொன்னதில்லை, தனக்கும் வெகுகாலம் கழித்துத்தான் தெரியும் என்றார் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. பெரியவர்கள் பின்வளவில் கலியாண நாள் பேசிக்கொண்டிருந்தபோது நான் குசினிக்குள் போய், காலியான பானையின் அடியை விரலால் வழித்து நக்கிப் பார்த்தேன். இஞ்சி இருந்ததே தெரியவில்லை. கொஞ்சங்கூட உறைக்கவில்லை. சிட்னியில் நெடுங்காலம் இருந்தால் நாக்கு இப்படித்தான் கெட்டுப்போகும் போலிருக்கிறது என்று மாமிக்காக இரக்கப்பட்டுக்கொண்டு, இன்னொரு தடவை வழித்து நக்கினேன்.